குழந்தையின் குரலும் இசைப் பொறியும்

மக்களின் மழலையை இசைக் கருவிகளின் ஒலியினும் மேலாக வைத்தார் திருவள்ளுவர். மழலையிற் சுருதியும் தாளமும் அமைந்திருத்தல் அதற்குக் காரணமன்று. அது தம் குழந்தையின் குரலாய் இருத்தலே காரணம். அக்குரலைக் காக்குங் கடமை பெற்றோர்க்கு எக்காலத்தும் உண்டு. இக்காலத்தில் அக்கடமை புதியதொரு வடிவில் வந்து நிற்கின்றது. செயற்கை நுண்ணறிவினாற் பாட்டுக் கட்டித்தரும் செயலிகள் கைப்பேசி வாயிலாக நம் வீடுகளுட் புகுந்துவிட்டன. சிறுவர் அவற்றைக் கையாளுங்கால் பெற்றோர் அறிந்திருக்க வேண்டுவன யாவை என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெற்றோர்க்குரிய பொருளைக் கல்லூரி மலரில் எழுதுவானேன் என்று சிலர் வினவலாம். வினா நேரியதே. ஆயினும் நம் நாட்டு வீடுகளின் நிலையைச் சற்றே எண்ணிப் பார்மின். கைப்பேசி தந்தையின் பெயரில் இருக்கும். அதனைத் திறந்து செயலிகளை அமைத்துக் கொடுப்பவர் கல்லூரியிற் பயிலும் மூத்த மகனோ மகளோ ஆவர். ஆங்கிலத்தில் நீண்டு கிடக்கும் விதிகளைப் படியாமலே 'சம்மதம்' என்று அழுத்துவதும் அவர் விரலே. ஆதலின் இத்துறையில் தம்பி தங்கையர்க்குக் காவலர் நாமே. இம்மலரைப் படிக்கும் பழைய மாணவருட் பலர் தாமே பெற்றோராய் இருப்பர். ஆசிரியர்களோ பிறர் மக்கள் பலரைக் காப்பவர். எனவே இப்பொருள் நம் அனைவர்க்கும் உரியதே.

இச்செயலிகள் தொழிற்படும் முறையை முதற்கண் அறிதல் வேண்டும். மழைநாளிற் பாடுதற்கேற்ற மகிழ்ச்சியான பாட்டொன்று வேண்டும் என்று ஒரு வரி எழுதினாற் போதும். சொல்லும் மெட்டும் பக்க வாத்தியமும் பாடுங் குரலும் ஒருங்கே அமைந்த பாட்டுச் சில நிமிடங்களுள் வந்துவிடும். இதனால் அப்பொறிக்கு நம்போல் இசையுணர்வு உண்டென்று கொள்ளற்க. எண்ணிறந்த ஒலிப்பதிவுகளை அதற்கு ஊட்டி, எவ்வொலியின் பின் எவ்வொலி வருதல் இயல்பு என்பதை அது கணித்தறியுமாறு செய்துள்ளனர். 2020ஆம் ஆண்டில் ஓப்பன் ஏஐ நிறுவனத்தார் ஜூக்பாக்ஸ் என்னும் பொறியை வெளியிட்டனர். பன்னிரண்டு லட்சம் பாட்டுக்கள் அதற்குப் பயிற்சியாக அளிக்கப்பெற்றன. அது ஒரு நிமிட இசையை ஆக்குதற்கு ஏறக்குறைய 9 மணி நேரம் கொண்டது. 2023 டிசம்பரில் சூனோ என்னும் செயலி பலர்க்கும் அறிமுகமாயிற்று. 2024 ஏப்பிரலில் யூடியோ வந்தது. இவற்றின் வரவால் ஒருநாட் பணி சில நிமிடங்களுள் அடங்கிற்று. விளையாட்டுப் பிள்ளையின் கைக்கு எட்டும் எளிமையும் அப்பொழுதே வந்தது.

இவ்வெளிமையைக் கண்ட பெற்றோர் இருதிறத்தார் ஆயினர். 'இஃது ஆபத்து, வீட்டினுள் வரவே கூடாது' என்பார் ஒரு சாரார். 'பாட்டுத்தானே, இதில் என்ன கேடு?' என்பார் மற்றொரு சாரார். முன்னவர் தடுப்பினும் பிள்ளை தன் தோழன் வீட்டில் அதனைக் காண்பான்; காணுங்கால் அருகிருந்து அறிவுரை கூறுவார் எவரும் இரார். பின்னவரோ கதவைத் திறந்துவிட்டுத் தாம் உறங்குவோரை ஒப்பர். தடுத்தலும் கைவிடுதலும் ஆகிய இரண்டும் குழந்தையைத் தனியே விடுதலில் ஒன்றே. பெற்றோர் அருகமர்ந்து உடன் கேட்டலே உற்ற காவல் என்பது எம் கருத்து. அதனை இனி விளக்குவாம்.

காக்கவேண்டுவனவற்றுள் தலையாயது குரல். எழுத்துக்கள் பிறக்குமாற்றைக் கூறப்புகுந்த தொல்காப்பியர், உந்தியினின்றும் எழுந்த காற்று நெஞ்சு, மிடறு, தலை என்னும் இடங்களில் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்பவற்றைச் சார்ந்து ஒலியாகும் என்றார். குரல் உடம்பினின்று பிறக்கும் பொருள் என்பதும், முகத்தைப்போல அஃது ஒருவர்க்கே சிறந்த உரிமை என்பதும் இதனாற் பெறப்படும். இன்றோ அவ்வுடம்பின்றியே அக்குரலை ஆக்கலாம். மூன்று வினாடிப் பதிவொன்றைக் கொண்டே ஒருவர் குரலைப் போன்ற பேச்சை உண்டாக்கும் வால்-இ என்னும் முறையை மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சியாளர் 2023 ஜனவரியில் விளக்கிக் காட்டினர். மூன்று வினாடி என்பது ஒரு குழந்தை 'அம்மா, பசிக்கிறது' என்று சொல்லும் நேரமே. பாட்டுக் கட்டும் செயலிகளுட் சில, பயனாளர் தம் குரலைப் பதிந்து ஏற்றுதற்கு இடந்தருகின்றன. குழந்தை ஆசையோடு பாடி ஏற்றிய குரல் எங்குச் சேமிக்கப்பெறும், எதற்குப் பயன்படும் என்பதை அக்குழந்தை ஆராயுமோ?

இதற்குத் தமிழ்த் திரையுலகிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டுக் கூறலாம். 2024ஆம் ஆண்டில் வெளிவந்த லால் சலாம் என்னும் படத்தின் பாட்டொன்றிற்கு, மறைந்த பாடகர்களாகிய பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகிய இருவர் குரல்களையும் செயற்கை நுண்ணறிவால் மீட்டமைத்தார் இசையமைப்பாளர் ஏ. ஆர். ரகுமான். அவர்தம் குடும்பத்தாரிடம் இசைவு பெற்று, தக்க ஊதியமும் அளித்ததாக அவர் அப்பொழுதே அறிவித்தார். அவ்வாண்டு ஜூலையிற் பாடகர் அரிஜித் சிங், தம் குரலைப் போலிசெய்வாரைத் தடுக்குமாறு பம்பாய் உயர்நீதிமன்றத்தை அணுகி இடைக்காலப் பாதுகாப்புப் பெற்றார். மாண்டவர் குரலுக்கும் இசைவு வேண்டப்பெற்றது; புகழ்பெற்றவர் குரலுக்கு நீதிமன்றம் துணை நின்றது. நம் வீட்டுச் சிறுமியின் குரலுக்கு வழக்கறிஞர் எவருமிலர். அவளுக்காக 'இசைவு இல்லை' என்று கூறவேண்டியவர் பெற்றோரே.

இரண்டாவதாகக் காக்கவேண்டுவது பெயர். 'இசை' என்னும் சொற்குப் பாட்டு என்னும் பொருளோடு புகழ் என்னும் பொருளும் உண்டு. அதன் மறுதலை வசை. பள்ளிச் சிறுவர் தம் தோழரைப் பழித்துப் பாடுதல் பண்டைக்காலந் தொட்டு உள்ளதே. அவ்வசை மாலைக்குள் மறைந்துபோம். பொறி கட்டிய வசைப்பாட்டோ அவ்வாறு மறைவதன்று. பெயரும் வகுப்பும் உருவக் குறையும் அமைத்து, கேட்போர் மீண்டும் மீண்டும் முணுமுணுக்கும் மெட்டில், ஒரு சிறுவனை இழிவுசெய்யும் பாட்டைச் சில நிமிடங்களுள் ஆக்கலாம்; ஒரு நொடியில் வகுப்பு முழுமைக்கும் அனுப்பலாம். ஆபாசச் சொற்களைத் தடுக்கும் வடிகட்டிகள் இச்செயலிகளில் உள்ளன என்பது மெய். ஆயினும் ஒரு தெருவில் ஒரு சிறுவனைச் சுடுகின்ற பட்டப்பெயர் வேறோர் இடத்தில் வெறுஞ்சொல்லே. அதன் நஞ்சைப் பொறி எங்ஙனம் அறியும்? அறியவல்லார் அருகிருக்கும் மனிதரே. தம் பிள்ளை வசைக்கு இலக்காகாமற் காத்தல்போலவே, வசை பாடுபவனாகாமற் காத்தலும் பெற்றோர் கடனாம்.

மூன்றாவது நேர்மை. அமெரிக்காவில் யூனிவர்சல், சோனி, வார்னர் ஆகிய பெருநிறுவனத்தார், தம் ஒலிப்பதிவுகளை இசைவின்றிப் பயிற்சிக்குக் கொண்டனரென்று சூனோ, யூடியோ என்னும் இரண்டின் மீதும் 2024 ஜூனில் வழக்குத் தொடுத்தனர். 2025 அக்டோபரில் யூனிவர்சல் யூடியோவோடும், நவம்பரில் வார்னர் அவ்விரண்டோடும் உடன்பாடு செய்துகொண்டன. வழக்கின் நுட்பங்கள் சிறுவர்க்கு வேண்டா. ஆயினும், பாடியவர் பலரின் உழைப்பு இதனுள் அடங்கியிருக்கின்றது என்பதை அவர்க்கு உணர்த்தலாம். பொறி கட்டிய பாட்டைப் 'யான் இயற்றினேன்' என்று பள்ளிப் போட்டிக்கு அனுப்புதல் பொய்யே என்பதையும் ஐயமறக் கூறலாம்.

இனிச் சட்டம் என் செய்கின்றது என்று பார்ப்போம். அமெரிக்காவில் 1998இல் இயற்றப்பெற்ற சட்டமொன்று 13 வயதிற்குட்பட்டார் விவரங்களைப் பெற்றோர் இசைவின்றித் திரட்டலாகாது என்கின்றது. இணையச் செயலிகள் பலவற்றின் விதிகளில் 13 என்னும் எண் காணப்படுதற்கு இதுவே காரணம். நம் இந்திய நாட்டில் 2023இல் நிறைவேறிய மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதார் அனைவரையும் குழந்தைகள் என்றே கொள்கின்றது. சரிபார்க்கத்தக்க பெற்றோர் இசைவை வேண்டுகின்றது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. அவை படிப்படியாக நடைமுறைக்கு வருமாறு வகுக்கப்பெற்றன. இவை போற்றத்தக்கனவே. ஆயினும் சட்டம் வேலி மாத்திரமே. பத்து வயதுச் சிறுவன் தன் பிறந்த ஆண்டை மாற்றி எழுதிய அப்பொழுதே அவ்வேலியிற் புழை உண்டாகிவிடுகின்றது; அதனை எழுதிக் கொடுப்பவர் அவன் தமையனாகவே இருத்தலும் உண்டு.

இங்கே ஒரு தடை எழலாம். 'இத்தனை தீங்கு உடையதாயின் முற்றும் விலக்குதலே நன்று. சிலப்பதிகார மாதவி ஏழாண்டு பயின்று பன்னிரண்டாம் ஆண்டில் அரங்கேறினாள். அவளுக்கு ஆடலாசிரியனும் இசையாசிரியனும் குழலோனும் யாழோனும் துணை நின்றனர். நம் பிள்ளைகளோ பயிற்சியின்றியே பாட்டுப் பெறின் பயிலும் விருப்பமே அற்றுப்போம்' என்பர். இதில் உண்மை இல்லாமலில்லை. எனினும் ஒரு சிறுமி தானே எழுதிய நான்கு வரிக்கு மெட்டமைந்து வரக் கேட்டு, 'இச்சொல் தாளத்திற்கு நீள்கின்றதே' என்று தானே திருத்துவாளாயின், அவள் யாப்பின் முதற்பாடத்தைத் தொடங்கிவிட்டாள். பொறியின் பாட்டைக் கேட்டபின் 'இதனை நீ பாடு, கேட்போம்' என்று தாய் சொன்னால், பயிற்சி அற்றுப்போகாது, தொடங்கும். கருவி கெடுப்பதும் வளர்ப்பதும் அருகிருப்பார் செயலைப் பொறுத்தன.

ஆகவே வீடுதோறும் கொள்ளத்தக்க நெறிகள் சிலவற்றைச் சுருக்கிக் கூறுவாம். செயலியைத் திறக்குமுன் வயது விதியைப் படித்தல் வேண்டும்; வயது நிரம்பாதவர்க்குப் பொய்யாண்டு எழுதிக் கொடுத்தலாகாது. சிறுவர் விரும்பின் பெரியவர் தம் கணக்கில், தாம் அருகிருந்து, பொதுக்கூடத்தில் வைத்துப் பாட்டுச் செய்து காட்டலாம். குழந்தையின் குரற்பதிவை ஏற்றுதல் கூடாது. பாட்டின் சொற்களில் முழுப்பெயர், பள்ளி, தெரு முதலியவை வருதல் ஆகாது. உயிரோடிருக்கும் எவரைப் பற்றியும் அவர் இசைவின்றிப் பாட்டுச் செய்தல் கூடாது. ஆசிரியரும் இதில் அடங்குவர். ஆக்கிய பாட்டைப் பெரியவர் முழுதுங் கேட்டபின்னரே பிறர்க்கு அனுப்புதல் வேண்டும். அது பொதுமக்கள் காணுமாறு வெளியாகின்றதா என்பதையும் அமைப்புப் பகுதியிற் பார்த்தல் வேண்டும். பணம் செலுத்தும் அட்டையைச் சிறுவர் கையாளும் கணக்கோடு இணைத்தலாகாது. சொற்களைப் பிள்ளையே எழுதுக. மெட்டைப் பொறி தருக. 'இது பொறியின் துணையாற் செய்தது' என்று மறைக்காமற் கூறுக.

இத்துணையும் காத்தபின்னும் தீங்கு நேரலாம். தன்னைப் பழித்த பாட்டொன்றைக் கண்டு கலங்கி ஒரு குழந்தை நம்மிடம் வந்தால், முதலில் அதன் கைப்பேசியைப் பறித்தல் தவறு. அங்ஙனம் செய்யின் அடுத்த முறை அது நம்மிடம் வாராது. முதலிற் குழந்தையைத் தேற்றுக. பின்னர்ச் சான்றாக ஒரு படி எடுத்து வைத்துக்கொள்க. செயலியில் உள்ள முறையீட்டு வழியிலும் பள்ளித் தலைமையாசிரியரிடத்தும் அறிவிக்க. 1098 என்னும் எண்ணிற் குழந்தைகளுக்கான உதவி நாடெங்கும் உண்டு என்பதையும் நினைவிற் கொள்க.

நண்பர்காள்! விடுமுறைக்கு ஊர் செல்லும் நாம், தம்பி தங்கையர்க்குப் புதுச்செயலி ஒன்றைக் காட்டி வியப்பூட்டுதல் எளிது. அதன் பின்னர் அவர் பக்கத்தில் அரைமணி நேரம் அமர்ந்து அவர் செய்த பாட்டைப் பொறுமையோடு கேட்டல் சற்றே அரிது. அரியதையே செய்வோமாக. இசைப் பொறி நம் பிள்ளைகளுக்காகப் பாடலாம். அவர்க்காகக் கேட்கும் செவி நம்முடையதாகவே இருத்தல் வேண்டும்.