தலை எண்ணும் கல்வி

தீவகத்துப் பாடசாலையொன்றிலே, முதலாம் தரம் முதல் ஐந்தாம் தரம் வரை சிதறி ஆறு முஸ்லிம் பிள்ளைகள் பயில்கின்றனர் எனக் கொள்வோம். "ஆறு பேருக்கு ஓர் ஆசிரியரா?" என்று தலையை எண்ணிக் கேட்போர், அவ்வெண் எங்ஙனம் ஆறாயிற்று என்று கேட்பதில்லை. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்கள் 70,000 பேருக்கு மேற்பட்டோரை வெளியேற்றினர். யாழ் நகரிலே அம்மாதம் 30ஆம் நாள் அவர்களுக்கு அளிக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். நாகபூசணி அம்மன் கோயிலும் நாகவிகாரையும் உள்ள நயினாதீவிலே பள்ளிவாசலும் உண்டு. வடக்கின் முஸ்லிம் வகுப்பறைகள் சுருங்கியமை இயற்கையின் செயலன்று.

இனி, ஆசிரியர் கிடைத்தாரென்றே வைத்துக்கொள்வோம். அறுவரையும் ஒரே வாங்கில் இருத்தி, நடுத்தரமான ஒரு பாடத்தை ஒப்புவிக்கச் செய்வதே வழக்கமாயின், முதலாம் தரத்தான் மிரள்வான். ஐந்தாம் தரத்தாள் யன்னலுக்கு வெளியே பார்ப்பாள். இதற்கு மருந்தாக 'வேறுபடுத்திக் கற்பித்தல்' என்பர் நம் கல்வியியலாளர்; அமெரிக்கரான கரோல் ஆன் தொம்லின்சன் 1999இல் எழுதிய நூலையும் காட்டுவர். காட்டட்டும். ஆயின் அதனை நேற்றுக் கப்பலில் வந்திறங்கிய சரக்கென்று எண்ணுவதே என் வழக்குக்குரியது.

நம் ஓதற்பள்ளியை நினைத்துப் பாருங்கள். ஒரே பாயில் ஒருவன் அலிபு, பே எழுத்துக் கூட்டுவான். அடுத்தவன் அம்ம ஜுஸு ஓதுவான். மூத்தவள் குர்ஆனை முடிக்கும் தறுவாயில் இருப்பாள். ஒவ்வொருவருக்கும் தத்தம் பாடம்; முந்திய பாடம் தேறினாலன்றி அடுத்தது இல்லை. மூத்தவர் இளையவர்க்குச் சொல்லிக்கொடுப்பர். திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளை முறையை ஒத்ததே இது. சென்னையிலே பிள்ளைகளைக் கொண்டு பிள்ளைகளுக்குக் கற்பித்த அன்ட்ரூ பெல், 1797இல் அதனை நூலாக்கி இங்கிலாந்துக்குப் போதித்த கதையை நாம் மறந்தோம்! மாணாக்கனின் விளக்கத்துக்கேற்ப ஆசான் உரைக்க வேண்டுமென இமாம் கஸ்ஸாலி வகுத்ததும், கடுமை பிள்ளையைக் கெடுக்குமென இப்னு கல்தூன் எச்சரித்ததும் நம் மௌலவிமார் அறியாதவை அல்ல. பிரம்பையும் பொருளறியா மனனத்தையும் மீட்குமாறு நான் கேட்கவில்லை. அவை ஓதற்பள்ளியின் குற்றங்களே.

வுழூவை எடுத்துக்கொள்வோம். பாடநூற் படத்தைப் பார்த்து வரிசையை ஒப்புவிப்பானேன்? கிணற்றடிக்கு அழைத்துச் செல்க. சிறியவன் கைகால் கழுவும் முறையைப் பார்த்துச் செய்யட்டும். மூன்றாம் தரத்தான் வரிசை பிழையாது செய்து காட்டட்டும். ஐந்தாம் தரத்தாளோ, நபிகள் நாயகம் ஒரு லீற்றரிலும் குறைந்த நீரால் வுழூச் செய்த செய்தியை அறிந்து, தன் குடுவையை அளந்து பார்க்கட்டும். கிணறு உவர்ந்து, நன்னீருக்குக் குடம் சுமக்கும் தீவிலே அவ்வளவையின் பொருளை அவளுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

இதற்குப் பெருஞ்செலவில்லை. அறுவரின் சமய பாடவேளையும் ஒரே நேரத்தில் அமையுமாறு நேரசூசி வகுக்கப்படல் வேண்டும். ஆசிரியர் ஒருவர் வாரத்தில் குறித்த நாட்களில் தீவுதோறும் சென்று கற்பிக்க நியமனமும், குறிகட்டுவானிலிருந்து படகேறும் செலவும் வழங்கப்படல் வேண்டும். அதுவரை அப்பிள்ளைகள் பிற சமய பாடம் நடக்கும் அறையின் பின்வாங்கிலோ விறாந்தையிலோ காத்திருப்பார்கள்.