பழைய லாரிக்கு இரண்டு மீட்டர் வேண்டும்!

திருச்சி காந்தி மார்க்கெட்டுக்கு வெங்காயமும் காய்கறியும் லாரியில் வருகின்றன. முசிறி, தொட்டியம் பக்கத்து வாழைத்தார்கள் கேரளாவுக்கு லாரியில்தான் போகின்றன. ஸ்ரீரங்கத்தில் ஒரு வீட்டில் சாம்பார் கொதிக்கிறது என்றால், அதற்காக எங்கோ ஒரு லாரி இரவெல்லாம் ஓடியிருக்கிறது.

இந்த லாரிகளில் பல, ஒரே ஒரு வண்டியை நம்பிப் பிழைக்கும் குடும்பங்களுடையவை. நகையை அடகு வைத்துப் பழைய லாரி வாங்குகிறார்கள். வண்டி நின்றாலும் மாதத் தவணை நிற்காது. எஞ்சின் உருகிப் போனால் குடும்பமே தவித்துப் போகும்.

ஆகவே, டர்போ உள்ள பழைய லாரி ஒவ்வொன்றிலும் டிரைவர் கண்ணுக்கு எதிரே இரண்டு மீட்டர்கள் இருக்க வேண்டும் என்கிறேன். ஒன்று, எஞ்சினிலிருந்து வெளியேறும் புகையின் சூட்டைக் காட்டுவது. மற்றொன்று, டர்போ தரும் காற்றின் அழுத்தத்தைக் காட்டுவது.

டர்போ என்பது என்ன? கொல்லன் பட்டறையில் துருத்தி இருக்கிறதல்லவா? அதைப் போன்றதுதான். வெளியேறும் புகையின் வேகத்தில் ஒரு சிறு சக்கரம் சுழல்கிறது. அதோடு சேர்ந்த இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை இழுத்து எஞ்சினுக்குள் அழுத்தித் தள்ளுகிறது. சுவிட்சர்லாந்து எஞ்சினியர் ஆல்பிரட் பூச்சி இந்த யோசனைக்கு 1905-ம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றார்.

காற்று குறைந்து டீசல் அதிகமானால் என்ன ஆகும்? கரும்புகை வரும். கூடவே சூடும் ஏறும். எஞ்சினுக்குள் இருக்கும் பிஸ்டன் அலுமினியக் கலவையால் ஆனது. அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகும். எண்ணெயும் தண்ணீரும் குளிர்விப்பதால்தான் பிஸ்டன் தாக்குப்பிடிக்கிறது. புகையின் சூடு 700 டிகிரியைத் தாண்டி நெடுநேரம் நின்றால் ஆபத்து என்பது பொதுவான கணக்கு. எஞ்சினுக்கு எஞ்சின் இது சற்று மாறும்.

"என் காதே போதும். எஞ்சின் சத்தத்திலேயே எல்லாம் தெரிந்துவிடும்" என்பார்கள் அனுபவமுள்ள டிரைவர்கள். அவர்கள் திறமையை நான் மதிக்கிறேன். ஆனால் சூட்டுக்குச் சத்தம் இல்லையே! இருட்டில் கரும்புகையும் தெரியாது. தண்ணீர் சூட்டைக் காட்டும் மீட்டரும் தாமதமாகத்தான் ஏறும். அது ஏறுவதற்குள் கெடுதல் நடந்துவிடலாம்.

"புகைச் சான்றிதழ் வாங்கியிருக்கிறேனே!" என்று சிலர் கேட்கலாம். அந்தப் பரிசோதனையை, வண்டியை நிறுத்தி வைத்து, பாரம் இழுக்காத நிலையில் செய்கிறார்கள். சூடு ஏறுவதோ, முழுப் பாரத்தோடு குமுளி மலைப்பாதையிலோ தொப்பூர் கணவாயிலோ ஏறும்போதுதான்.

நம் ஊரிலேயே இதற்கு உதாரணம் உண்டு. பொன்மலையில் ஆல்கோ வகை டீசல் ரயில் எஞ்சின்களைப் பல ஆண்டுகள் பராமரித்திருக்கிறார்கள். அந்த எஞ்சின்களுக்கும் டர்போ உண்டு. அதன் காற்றழுத்தத்தைக் காட்டும் மீட்டர் ரயில் டிரைவரின் முன்னாலேயே இருக்கும். 2020 ஏப்ரல் முதல் பாரத் 6 விதிப்படி விற்கப்படும் புது லாரிகளில், சூட்டைக் கவனிக்க உணர்விகளும் கம்ப்யூட்டரும் இருக்கின்றன. பழைய லாரிக்காரர் மட்டும் கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்ட வேண்டுமா?

இரண்டு மீட்டரையும் சேர்த்துப் பார்த்தால் நோய் விளங்கும். காற்றழுத்தம் குறைந்து சூடு ஏறினால், ரப்பர் குழாய் கிழிந்திருக்கலாம், கிளிப் தளர்ந்திருக்கலாம், காற்று வடிகட்டி அடைத்திருக்கலாம். காற்று சரியாக இருந்தும் சூடு ஏறினால், டீசல் அதிகம் போகிறதா, இன்ஜெக்டர் பழுதா என்று பார்க்க வேண்டும். இழுவை கூட வேண்டும் என்று டீசல் பம்பில் அளவைக் கூட்டி வைப்பவர்கள் இதை மறக்கக் கூடாது. இன்று கிடைக்கும் இழுவைக்கு நாளை எஞ்சினையே விலையாகக் கொடுக்க நேரும்.

மேட்டில் சூடு ஏறினால் டிரைவர் செய்ய வேண்டியது சுலபம். ஆக்ஸிலேட்டரைச் சற்றுத் தளர்த்த வேண்டும். ஒரு கியர் குறைக்க வேண்டும். எஞ்சின் வேகமாகச் சுழன்று காற்று கூடும், சூடு இறங்கும். பத்து நிமிடம் தாமதமாகப் போனால் குடி முழுகிவிடாது.

மேடு ஏறி வந்ததும் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைப்பதும் தவறு. டர்போ அப்போது கொதித்துக் கொண்டிருக்கும். எண்ணெய் ஓட்டம் நின்றால் உள்ளே எண்ணெய் கருகிப் பிடிக்கும். மூன்று நான்கு நிமிடம் எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, சூடு இறங்கியதை மீட்டரில் பார்த்துவிட்டு நிறுத்தலாம்.

சூடு அளக்கும் கம்பியை டர்போவுக்கு முன்னால் பொருத்த வேண்டும். டர்போவைத் தாண்டினால் சூடு குறைவாகவே காட்டும். துளை போடும்போது இரும்புத் தூள் டர்போவுக்குள் விழாமல் பார்த்துக்கொள்வது மிக முக்கியம். பொருத்தியதும், நல்ல நிலையில் வண்டி காட்டும் அளவுகளை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க அதுவே துணை.

செலவு? இரண்டுக்கும் சேர்த்து ஒரு லாரி டயரின் விலைகூட ஆகாது. வண்டிக்கு வர்ணம் பூசுகிறோம். கலர் விளக்கு மாட்டுகிறோம். திருஷ்டிக்கு எலுமிச்சம்பழமும் கட்டுகிறோம். அவற்றை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த முறை வண்டிக்குப் பணம் எடுக்கும்போது முதலில் இந்த இரண்டு மீட்டர்களை வாங்குங்கள். முதலாளிகள் வாங்கித் தர வேண்டும். டிரைவர்கள் கேட்டு வாங்க வேண்டும். வண்டி நன்றாக இருந்தால்தான் வீடு நன்றாக இருக்கும்!