உடல் மட்டும் போதுமா?

பழையசீவரத்தில் பாலாற்றுப் பள்ளத்தில் ஒரு பிணம் கிடந்தால் அடுத்து என்ன? சந்தேக மரணம் என்று வழக்கு, அரசு மருத்துவமனையில் போஸ்ட்மார்ட்டம், கையெழுத்து வாங்கிக்கொண்டு உடல் ஒப்படைப்பு. உடல் அன்றே வீடு வந்துவிடும், அறிக்கை வராது. மருத்துவமனையில் கேட்டால் ஸ்டேஷனுக்குப் போகச் சொல்வார்கள். ஸ்டேஷனில் விசாரணை நடக்கிறது என்பார்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டாலும், விசாரணையைக் காரணம் காட்டி மறுக்க 8(1)(எச்) பிரிவு இருக்கிறது. சாத்தான்குளம் காவல் நிலையச் சித்திரவதையில் ஜெயராஜையும் அவர் மகன் பென்னிக்ஸையும் இழந்த 2020-ஆம் ஆண்டின் டிசம்பரில், உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இதற்கு வழி சொன்னது: பரிசோதனைக்கு முன் உறவினர் உடலைப் பார்க்க வேண்டும், பரிசோதனை வீடியோவில் பதிவாக வேண்டும், அறிக்கையும் பதிவும் விசாரணை அதிகாரிக்குப் போகும்போதே குடும்பத்துக்கும் போக வேண்டும், நீதிமன்றத்தை நாடுவதாகக் குடும்பம் எழுதிக் கொடுத்தால் உடலை 48 மணி நேரம் பாதுகாக்க வேண்டும். ஆனால் இந்த விதிகள் காவல் மரணங்களுக்கு மட்டும். காவலர்களே சந்தேகத்துக்கு உள்ளாகும் வழக்கில் அறிக்கையைத் தந்தால் கெடாத விசாரணை, மற்ற வழக்குகளில் மட்டும் எப்படிக் கெடும்? உறவினரே சந்தேகத்தில் இருக்கலாம் என்பது நியாயமான கேள்விதான். வரதட்சணைச் சாவில் கணவனிடம் தர வேண்டாம், பிறந்த வீட்டாரிடம் தரலாம். தொலைக்காட்சிக்கும் வேடிக்கை பார்ப்பவர்களுக்கும் அந்த ஆவணத்தில் உரிமை இல்லை, பெற்றவர்களுக்கு உண்டு. மதுரைக் கிளையின் விதிகளை எல்லாச் சந்தேக மரணங்களுக்கும் விரித்து அரசு ஓர் ஆணை பிறப்பிக்கட்டும்.