கரை நாடா யார் கையில்?

காஞ்சிப் பட்டின் அழகைப் பேசாதார் இல்லை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இதைக் கோர்வை என்கிறோம். கோர்வைச் சேலையை ஒருவர் தனியே நெய்வது அரிது. மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். ஆகவே நெய்பவர் அருகே இன்னொருவர் அமர்ந்து கரை நாடாவை வாங்கித் திருப்பி விடுவார். பல்லாண்டுகளாக அந்த இடத்தில் பெரும்பாலும் அமர்ந்திருந்தது ஒரு சிறுவனோ சிறுமியோதான். தறிக்காரரிடம் முன்பணம் வாங்கிய ஏழைப் பெற்றோர், கடன் தீரும்வரை பிள்ளையை அனுப்பினர்.

1986-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. ஆனால் குடும்பத்தாரைக் கொண்டு நடத்தும் பட்டறைக்கு அது விலக்களித்தது. பிள்ளையார்பாளையத்திலும் நம் திருப்பருத்திக்குன்றத்திலும் (பெயரில் பருத்தி, தறியில் பட்டு!) தறி இருப்பதே வீட்டிற்குள்தானே? சட்டம் வாசலிலேயே நின்றுவிட்டது.

உள்ளே நுழையப் பல கைகள் சேர வேண்டியிருந்தது. 2004-இல் நடைமுறைக்கு வந்த இண்டஸ் திட்டத்தை எண்ணிப் பாருங்கள். இந்திய அரசும் அமெரிக்க அரசும் தலா 2 கோடி டாலர் அளித்தன. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு துணை நின்றது. தமிழகத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஐந்து மாவட்டங்களுள் காஞ்சிபுரமும் ஒன்று. 5 முதல் 8 வயதுப் பிள்ளைகள் நேரே பள்ளிக்குச் சென்றனர். 9 முதல் 13 வயதினருக்கு, விட்ட படிப்பைப் பிடிக்க இடைநிலைக் கல்வி மையங்கள்; அவற்றை நடத்தத் தொண்டு நிறுவனங்கள் முன்வந்தன. அதற்கு மேற்பட்டோர்க்குத் தொழிற்பயிற்சி. ஆட்சியர் அலுவலகம் அதட்டியிருந்தால் பிள்ளைகள் பின்கட்டில் ஒளிந்திருப்பார்கள். தொண்டர்கள் மட்டும் வந்திருந்தால் கெஞ்சிவிட்டுப் போயிருப்பார்கள். மதியம் சோறு போடும் பள்ளி இல்லையேல் இருவரும் தோற்றிருப்பார்கள் என்பதே எங்கள் துணிபு.

இப்போது இந்தக் கூட்டு தளர்ந்துவிடக் கூடாதே என அஞ்சுகிறோம். 2016-ஆம் ஆண்டுத் திருத்தம் 14 வயதுக்குட்பட்டோரை வேலைக்கு அமர்த்துவதைத் தடுத்தது. எனினும் பள்ளி நேரத்திற்குப் பின் குடும்பத் தொழிலில் உதவலாம் என்றது. மாலை ஆறு மணிக்குத் தறியில் அமரும் சிறுமி வீட்டுப்பாடத்தை எப்போது எழுதுவாள்? தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டமும் 2021 ஏப்ரல் முதல் சமக்ர சிக்ஷாவுடன் இணைந்துவிட்டது. தனிப்பள்ளி பார்த்த வேலை இனி வகுப்பாசிரியைக்கும், பக்கத்து இருக்கை காலியாகக் கண்ட தோழிக்கும் உரியது.

பெற்றோரிடமும் ஒரு விண்ணப்பம். பிள்ளை எழுந்த இடத்தில் வளர்ந்த ஒருவர் அமர்ந்தால் அவருக்கு முழுக்கூலி தர வேண்டும். சேலை விலை ஏறத்தான் செய்யும். அடுத்த கலியாணத்திற்குக் கோர்வைச் சேலை எடுக்கும்போது, அந்தக் கூலியில் மட்டும் பேரம் பேசாதிருங்கள்.