பென் டிரைவ் தரும் எச்சரிக்கை

சட்டைப் பையில் அடங்கும் பென் டிரைவ், கிராமந்தோறும் செல்லும் வெளிக்கள ஊழியருக்கும் பள்ளி ஆசிரியருக்கும் இன்று இன்றியமையாத சாதனமாகிவிட்டது. மண் பரிசோதனை விவரங்கள், மழைமானிக் குறிப்புகள், பயனாளிகளின் பட்டியல்கள், மாணவர்களின் மதிப்பெண்கள் ஆகிய பலவும் அதன் வழியாகவே ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குச் செல்கின்றன. அதனைக் கணிப்பொறியில் செருகியவுடன், கருவியில் ஏதோ கோளாறு உள்ளது, சோதித்துச் சரிசெய்க என்னும் கருத்துடைய அறிவிப்பு திரையில் தோன்றுவதைப் பலரும் அறிவர். அதை மூடிவிட்டு வேலையைத் தொடர்வதே பெரும்பாலோரின் வழக்கம். நாள்தோறும் வரும் அறிவிப்பு நாளடைவில் கண்ணில் படாமலே போய்விடுகிறது. இப்பழக்கம் மாற வேண்டும். மாற்றும் பொறுப்பும் ஊழியரை மட்டும் சார்ந்ததன்று.

அறிவிப்பு ஏன் வருகிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும். யு.எஸ்.பி. இணைப்பு முறையின் முதல் விதித்தொகுப்பு 1996-ஆம் ஆண்டு வெளிவந்தது. அதனை உருவாக்கியவர்களுள் பரோடாவில் கல்வி பயின்ற அஜய் பட் குறிப்பிடத்தக்கவர். மின்சாரம் நின்ற பின்னும் செய்தியை இழக்காத ஃபிளாஷ் நினைவகத்தை ஜப்பானியப் பொறியியலறிஞர் ஃபுஜியோ மசுவோகா 1980-களிலேயே உருவாக்கியிருந்தார். இவ்விரண்டின் சேர்க்கையாகிய பென் டிரைவ் 2000-ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்தபோது 8 மெகாபைட் கொள்ளளவுடையதாக இருந்தது. இன்று 64 ஜிகாபைட் கருவி சாதாரணமாகிவிட்டது. கொள்ளளவு ஏறக்குறைய 8,000 மடங்கு பெருகியும், அதனுள் கணக்கு வைக்கும் முறை மட்டும் பெரும்பாலும் 1977-இல் தோன்றிய 'ஃபேட்' என்னும் அட்டவணை முறையின் வழிவந்ததாகவே இருக்கிறது.

இம்முறையைப் பண்டகசாலையின் பேரேட்டுக்கு ஒப்பிடலாம். ஒரு கோப்பு பல துண்டுகளாகப் பிரித்து வைக்கப்படுகிறது. எத்துண்டு எங்குள்ளது என்பதை அட்டவணை காட்டுகிறது. எழுதும் வேலை தொடங்கும்போது, கணக்கு இன்னும் முடியவில்லை என்பதற்கு அறிகுறியாக ஓர் அடையாளம் இடப்படும். வேலை ஒழுங்காக முடிந்து கருவி விடுவிக்கப்படும்போது அது நீக்கப்படும். இடையிலேயே கருவியை உருவிவிட்டாலோ, மின்சாரம் நின்றுவிட்டாலோ, அடையாளம் அப்படியே தங்கிவிடும். அடுத்த முறை செருகும்போது கணிப்பொறி இதனைக் கண்டே அறிவிப்பு விடுக்கிறது. ஆகவே, அறிவிப்பு வந்தமையாலேயே கோப்புகள் கெட்டுவிட்டன என்று அஞ்ச வேண்டியதில்லை. ஆனால், சோதிக்காமல் மூடிவிடுவதால் அடையாளம் நீங்குவதும் இல்லை. ஒரே அறிவிப்பு மீண்டும் மீண்டும் தோன்றுவதற்கு இதுவே முதற்காரணம்.

அறிவிப்புகள் யாவும் ஒரு தன்மையன அல்ல. சோதித்துச் சரிசெய்யுமாறு கூறுவது ஒன்று. ஃபார்மட் செய்த பின்னரே கருவியை உபயோகிக்க இயலும் என்பது மற்றொன்று. முதலாவது வரும்போது, கோப்புகளை வேறிடத்தில் படியெடுத்துக்கொண்டு அதன் பின்னரே சோதனைக்கு விடுதல் நலம். சோதிக்கும் நிரல் பேரேட்டை முரணின்றி அமைக்க முற்படுமேயன்றி, உரியவரின் கோப்பு எது என்பதை அறியாது. உரிமை தெரியாத துண்டுகளை அது 'ஃபவுண்ட்' என்னும் பெயருடைய தனி உறையில் வெறும் எண்ணிட்டுப் போட்டுவிடும். மதிப்பெண் பட்டியல் அங்கே பெயரற்ற துண்டாகக் கிடக்க நேரிடும். இரண்டாவது அறிவிப்பு வருவது, பேரேட்டைப் படிக்கவே இயலவில்லை என்பதற்கு அறிகுறி. அதற்கு இணங்கினால் வெற்றுப் பேரேடு ஒன்று புதிதாக எழுதப்படும். முழு ஃபார்மட் செய்தாலோ, இக்கால விண்டோஸ் முறையில் பழைய செய்திகள் அனைத்தின் மீதும் பூஜ்யங்கள் எழுதப்பட்டுவிடும். முதலாவதை அலட்சியம் செய்வது தவறு. இரண்டாவதற்கு உடனே உடன்படுவது அதனினும் பெருந்தவறு. மீட்க வேண்டிய கோப்புகள் உள்ள கருவியில் ஓர் எழுத்தும் புதிதாக எழுதாமல், மீட்பு நிரல்களைக் கையாளத் தெரிந்தவரிடம் அதனை ஒப்படைக்க வேண்டும்.

சோதித்துச் சரிசெய்து, முறைப்படி வெளியே எடுத்த பின்னும் அறிவிப்பு தொடர்ந்தால், காரணத்தைப் படிப்படியாகத் தேடலாம். அதே கருவியை வேறு துளையில் செருகியும், பின்னர் வேறு கணிப்பொறியில் செருகியும் பார்த்தல் வேண்டும். ஒரு துளையில் மட்டும் அறிவிப்பு வருமாயின் அத்துளை தளர்ந்திருக்கலாம். சென்ற இடமெல்லாம் வருமாயின் குற்றம் கருவியினுடையதே. ஃபிளாஷ் நினைவகத்தின் ஒவ்வொரு பகுதியையும் குறிப்பிட்ட தடவைகளே அழித்து எழுத இயலும். தேய்ந்த கருவியைச் சோதனையால் இளமையாக்க முடியாது. மேலே அச்சிட்ட அளவினும் மிகக் குறைந்த கொள்ளளவுடைய போலிக் கருவிகளும் சந்தையில் உலவுகின்றன. இத்தகைய கருவிகளை வேலையிலிருந்து விலக்குவதே சிக்கனம்.

புதிய கணிப்பொறிகளில் 'பாதுகாப்பாக வெளியே எடுத்தல்' அவசியமில்லை என்று வாதிப்பவர் உண்டு. 2018-இல் வெளியான விண்டோஸ் 10 பதிப்பு முதல், வெளிக்கருவிகளை விரைவில் எடுப்பதற்கேற்ற அமைப்பே இயல்பாக வைக்கப்பட்டுள்ளது என்பது உண்மையே. ஆனால் எழுதுவதைத் தாமதிக்கும் வழக்கத்தைத்தான் அவ்வமைப்பு தவிர்க்கிறது. எழுதிக்கொண்டிருக்கும்போதே உருவப்படும் கருவியை அது காப்பாற்றாது. பள்ளிகளிலும் கிளை அலுவலகங்களிலும் பழைய கணிப்பொறிகள் இன்னும் பல இருக்கின்றன. சில விநாடிகளை மிச்சப்படுத்த எண்ணிப் பல நாள் உழைப்பைப் பணயம் வைத்தல் அறிவுடைமையாகாது.

எனினும், குறை முழுவதையும் ஊழியரின் அஜாக்கிரதை மீது சுமத்துவது நியாயமன்று. ஒரே பென் டிரைவ் பத்து மேசைகளைச் சுற்றி வருவதும், கடைசி நாள் மாலையில் மின்சாரம் நிற்குமோ என்ற அச்சத்துடன் அறிக்கை அனுப்பப்படுவதும் பல அலுவலகங்களின் நடைமுறை. கோளாறு என்று முறையிடுபவர் கடிந்துகொள்ளப்படும் இடத்தில், அடுத்தவர் அதனை மறைக்கவே செய்வார். ஆகையால் ஒவ்வொரு ஊழியருக்கும் இரண்டு கருவிகள் வழங்குதலும், தேய்ந்தவற்றைக் காலத்தில் மாற்றுதலும், தகவல் சேர்ந்தது என்ற ஒப்புதல் வரும்வரை மூலப்படியை வேறிடத்தில் வைத்திருக்கப் பணித்தலும் மேலதிகாரிகளின் கடமைகளாகும். கோப்புகளை மறைத்துக் குறுக்குவழிச் சின்னங்களை மட்டும் காட்டும் வைரஸ்களும் இவ்வழியே பரவுவதால், அலுவலகக் கணிப்பொறிகளைத் தூய்மையாக வைத்தலும் அவர்களுடைய பொறுப்பே. மத்திய அரசின் சைபர் ஸ்வச்தா கேந்திரம் 2017-ஆம் ஆண்டு முதல் இதற்கான கருவிகளை இலவசமாக வழங்கி வருகிறது. அவற்றைப் பற்றிக் கடைக்கோடி ஊழியருக்கும் தெரிவித்தல் வேண்டும்.

ஆசிரியர்களுக்கும் இதில் ஒரு வாய்ப்பு உண்டு. காரணங்களை ஒவ்வொன்றாக விலக்கிக் குற்றத்தின் இருப்பிடத்தைக் காணும் முறையே விஞ்ஞானத்தின் முறை. அதனைக் கற்பிக்க விலையுயர்ந்த ஆய்வுக்கூடம் வேண்டுவதில்லை. முக்கியமான கோப்பு எதுவும் இல்லாத பழைய பென் டிரைவ் ஒன்றே போதும்.

இழந்த கருவிக்குப் பதிலாகச் சில நூறு ரூபாயில் வேறொன்று வாங்கிவிடலாம். ஆனால் சென்ற ஆடியில் பெய்த மழையை இந்த ஆடியில் அளக்க இயலாது. அறுவடைக்கு முன்னிருந்த பயிரின் நிலையை அறுவடைக்குப் பின் பதிவு செய்யவும் இயலாது. பென் டிரைவ் தானியத்தை ஏற்றிச் செல்லும் வண்டியேயன்றிக் களஞ்சியமன்று. வண்டியின் அச்சு முனகும்போதே இறங்கிப் பார்ப்பவன் சரக்கைச் சேதமின்றிக் கொண்டு சேர்ப்பான்.