தேடிய பெயர் ஒன்று, வந்த கம்பெனி வேறு

கேள்வி: சம்பாவில் களை எடுக்க ஆள் கிடைப்பதில்லை. பக்கத்து ஊரில் ஓடிய பவர் வீடரைப் பார்த்து, அந்தக் கம்பெனியின் பெயரை மகன் செல்போனில் கூகுளில் போட்டுத் தேடினோம். முதலில் வந்ததை அழுத்திப் பேசி, 5,000 ரூபாய் முன்பணம் அனுப்பினோம். பிறகுதான் அது வேறு கம்பெனி என்று தெரிந்தது. கேட்டால் 'இரண்டும் ஒன்றுதான்' என்கிறார்கள். ஒருவர் பெயரைத் தேடினால் இன்னொருவர் வருவது எப்படி? பணம் திரும்பக் கிடைக்குமா?
- ஒரத்தநாடு வட்ட வாசகர் ஒருவர்

பதில்: முதலில் வருவதுதான் அசல் என்று நினைப்பது இயல்பு. படித்த பிள்ளைகளும் இதில் ஏமாறுகிறார்கள். மகனைக் கடிந்துகொள்ள வேண்டாம்.

பாபநாசம் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் பருத்திக்கு மறைமுக ஏலம் நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். கூகுளிலும் ஏலம் உண்டு. அங்கே ஏலத்துக்கு வருவது, நாம் தேடும் சொல். அந்தச் சொல்லைத் தேடுபவர் கண்ணில் தன் விளம்பரம் பட வேண்டும் என்று கம்பெனிகள் விலை கேட்கின்றன. விலையோடு விளம்பரத்தின் தரத்தையும் பார்த்து, ஒரு நொடிக்குள் இடம் ஒதுக்கப்படுகிறது. பெரும்பாலும் நாம் அழுத்தினால்தான் கம்பெனிக்குச் செலவு. போட்டிக் கம்பெனியின் பெயருக்கே விலை கேட்பவர்களும் உண்டு. உங்கள் விஷயத்தில் நடந்தது அதுவாகத்தான் இருக்கும்.

இது சரியா என்று நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள். சென்னையின் பாரத் மேட்ரிமோனி நிறுவனம், கூகுள் மீதும் போட்டித் திருமணத் தளங்கள் மீதும் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. 2010-இல் இடைக்காலத் தடை மறுக்கப்பட்டது. அகர்வால் பேக்கர்ஸ் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் சொன்னது இன்னும் தெளிவு: பிறர் பெயருக்கு விலை கேட்பது மட்டுமே குற்றமாகாது, ஆனால் அந்த விளம்பரம் மக்களைக் குழப்பினால் அது வணிகமுத்திரை மீறல்.

ஆக, விளம்பரத்தில் தன் பெயரைத் தெளிவாகப் போட்டிருந்தால் அவர்கள் மேல் குறை சொல்வது கடினம். 'அந்தக் கம்பெனிதான் பேசுகிறோம்' என்று சொல்லி முன்பணம் வாங்கியிருந்தால் அது ஏமாற்று. அன்று என்ன பேசினார்கள் என்பதை மகனோடு உட்கார்ந்து நினைவுபடுத்தி எழுதி வையுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது:

1. பணம் அனுப்பிய ரசீது, பேசிய எண், வாட்ஸ்அப் செய்திகள் எதையும் அழிக்காதீர்கள். 'நான் கேட்ட கம்பெனி இயந்திரம் இதுவல்ல, முன்பணத்தைத் திருப்புங்கள்' என்று எழுத்தில் அனுப்புங்கள். இயந்திரம் வந்தால் கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டாம்.

2. தர மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யுங்கள். அடுத்த படி, தஞ்சாவூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம்.

3. எண்ணை அணைத்துவிட்டு ஆள் காணாமல் போனால், அது மோசடி. தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள்.

மற்ற வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. தேடல் பக்கத்தில் 'ஸ்பான்சர்டு' என்று மேலே இருந்தால் அது காசு கொடுத்து வாங்கிய இடம். அதைத் தாண்டிக் கீழே வாருங்கள். அதைவிட நல்லது, பக்கத்து வயலில் ஓடும் இயந்திரத்தின் பெயர்ப்பலகையிலோ பில்லிலோ உள்ள எண்ணைக் குறித்துக்கொள்வது.

இயந்திரம் வாங்குமுன் வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்துக்கும் ஒரு நடை போய் வாருங்கள். துறை அங்கீகரித்த மாடல்களுக்குத்தான் மானியம். அதற்கும் முதலில் விண்ணப்பித்து, ஆணை வந்த பிறகே வாங்க வேண்டும். அவசரப்பட்டு முன்பணம் கட்டினால், 5,000 ரூபாயோடு மானியமும் கைவிட்டுப் போகும்.