கணக்கு யாருக்குச் சொந்தம்?

வீட்டு வரவு செலவைக் கொப்பியில் எழுதிய காலம் மாறி வருகின்றது. எமது இளைஞர் பலர் கணனியிலேயே கணக்கு வைக்கின்றனர். இதற்கென்றே குயிக்கன், மைக்ரோசொப்ட் மணி, குனூகாஷ் போன்ற மென்பொருட்கள் பாவனைக்கு வந்தன. கொப்பியாயின் வீடு மாறும்போது கையில் எடுத்துச் செல்லலாம். கணனிக் கணக்கு அவ்வாறன்று. கணனி பழுதடையும் நாளில்தான், பத்து வருடக் கணக்கு எங்கே இருக்கின்றது என்ற கேள்வி பலருக்கு எழுகின்றது.

இங்கு இரண்டு விடயங்களை வேறுபடுத்தி அறிதல் வேண்டும். மென்பொருள் மண்வெட்டி போன்றது; தொலைந்தால் வேறொன்று பெறலாம். நாம் பதிந்த கணக்குள்ள கோப்போ விதைநெல் போன்றது. சிலர் கணனித் திரையிலுள்ள சின்னத்தை மட்டும் பிரதி செய்துவிட்டு, கணக்கையும் எடுத்துவிட்டதாக எண்ணுகின்றனர். அச்சின்னம் வழிகாட்டிப் பலகை மாத்திரமே. மென்பொருளுக்குள் இருக்கும் காப்புப்பிரதி வசதியைக் கொண்டு கணக்கைப் பென் ட்ரைவில் எடுத்து, புதிய கணனியில் மென்பொருளை நிறுவி, அங்கு மீட்டெடுப்பதே முறை. குனூகாஷில் கணக்குக் கோப்பையே நேரடியாகப் பிரதி செய்யலாம்.

புதிய பதிப்பு பழைய கோப்பைத் திறக்கும்போது அதனைப் புதிய வடிவத்துக்கு மாற்றிவிடுவதுண்டு. அதன்பின் பழைய பதிப்பில் அது திறவாது போகலாம். ஆகவே மூலக் கோப்பின் பிரதியொன்றைத் தொடாமல் வைத்திருத்தல் அவசியம்.

ஆனால் எமது கவலை இதனிலும் பெரியது. 1991இல் வெளிவந்த மணி மென்பொருளின் விற்பனையை மைக்ரோசொப்ட் நிறுவனம் 2009ஆம் ஆண்டு யூன் மாதத்துடன் நிறுத்தியது. அதன் பிந்திய பதிப்புகளைப் புதிய கணனியில் நிறுவும்போது இணையம் வழியாக நிறுவனத்தின் அனுமதி பெறவேண்டியிருந்தது. அவ்வனுமதி நின்றுபோனால், காசு கொடுத்து வாங்கியவரும் தமது கணக்கை அங்கு திறக்க இயலாது. 2010இல் அனுமதி தேவைப்படாத இறுதிப் பதிப்பொன்றை நிறுவனம் இலவசமாக வெளியிட்டமையால் பலர் தப்பினர். அது நற்செயலே. எனினும் அது நிறுவனம் காட்டிய தயவேயன்றி, பாவனையாளர் உரிமையோடு பெற்றதன்று.

உழைத்தவரின் வரவும் கடனும் சேமிப்பும் எழுதப்பட்ட ஏடு பிறர் தயவில் இருத்தல் தகாது என்பதே எமது கருத்து. ஒரு மென்பொருள் என்னவெல்லாம் செய்யும் என்று கேட்பதற்கு முன், அதிலிருந்து எமது கணக்கை எவ்வாறு வெளியே எடுப்பது என்று கேட்போம். குனூகாஷ் இலவசமானது, அதன் கோப்பின் அமைப்பும் மறைக்கப்பட்டதன்று. வேறு பல மென்பொருட்களும் கியூ.ஐ.எப்., சீ.எஸ்.வி. எனும் எழுத்து வடிவக் கோப்புகளாகக் கணக்கை வெளியே தருகின்றன. வேறு மென்பொருளுக்கு மாறுவோருக்கு இவையே பாலம்.

அப்பாலத்திலும் விழிப்பாக நடக்க வேண்டும். 03/04 என்ற திகதியை நாம் ஏப்ரல் 3 என்போம்; அமெரிக்க முறையில் அது மார்ச் 4. ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிய பணம் இரு தடவை பதிவாவதும் உண்டு. எனவே மாற்றுவதற்கு முன் ஒவ்வொரு கணக்கின் மீதியையும் தாளில் எழுதி வைத்து, மாற்றிய பின் ஒப்பிடுங்கள். ஒரு ரூபா வேறுபட்டாலும், காரணம் காணும்வரை பழைய கணனியைக் கைவிடாதீர்கள். பின்னர் அதனைப் பிறருக்குக் கொடுப்பதாயின், வன்தட்டிலுள்ளவற்றை முற்றாகத் துடைத்தே கொடுங்கள். வெறுமனே அழித்த கோப்புகளை மீட்டெடுக்க வழியுண்டு. உங்கள் வங்கி விபரமும் அவற்றோடு போய்விடும்.

இடம்பெயர்ந்த வேளையில் காணி உறுதியையும் வங்கிப் புத்தகத்தையும் சீலைத்தலைப்பில் முடிந்து கொண்டுவந்த தாய்மாரை எம்மவர் அறிவர். வீடு போனபின்னும் அத்தாள்களே அவர்களுக்காகப் பேசின. கணனியில் கணக்கு வைப்போருக்கும் அந்த முன்யோசனை வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறையேனும் மீதிகளை அச்சிட்டு உறுதிகளோடு சேர்த்து வையுங்கள். கோப்பின் பிரதியொன்றை நம்பிக்கையான இன்னொரு வீட்டில் வையுங்கள். கடவுச்சொல்லைக் குடும்பத்தில் மற்றொருவரும் அறிந்திருக்கட்டும். கணனி நன்றாக வேலை செய்யும்போதே இவற்றைச் செய்து முடியுங்கள்.